கொட்டாத, கொட்டத்து

முரளி,

உன் நைனா நேற்றுக் காலையில் என் வாயில் குத்தினார். கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. நாக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, எழுத உட்கார்ந்தாலும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறிய கையோடு நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாயே, அதைக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்குக் கதை சொல்ல வரும். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். சத்தியவேட்டிலிருந்து உன் சித்தி மட்டும் கூடவே கைகூப்புகிற பொம்மையும் போட்டிருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. நீ எல்லோரும் கேட்கச் சொன்னாய், நானும் எல்லோரும் படிக்கவே எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுவேன். இதற்கு யாரும் பொம்மை போட வேண்டாம்.

தமிழில்தான் எழுதுகிறேன். தெலுங்கு மீடியத்தில் படித்த உனக்குத் தமிழ் கூட்டிக் கூட்டித்தான் வரும். சித்தூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் நாம் இருந்த ஒற்றை அறை வீட்டில், முறத்தில் அரிசியைப் பரப்பி அதில் உன் விரலைப் பிடித்து எழுத வைத்தவள் நான். 'அ' முடிவதற்குள் பாதி அரிசியை வாயில் போட்டுக்கொள்வாய். இப்போதும் கூட்டிக் கூட்டியே படி. வேகமாகப் படித்தால் போன தடவை மாதிரி பாதியில் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாய். அந்தப் பாதிக்கு மேல் இருப்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விவரம் தெரியாதவர்களும் குரூப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உன் நைனாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. என் முகம் சில நாள் தெரிகிறது, பல நாள் தெரியவில்லை. ஆனால் மாம்பழக் கூழ் பேக்டரியில் காலமெல்லாம் பழம் அடுக்கிய கிரேட் தூக்கிய உடம்பு, பலம் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஆஸ்பத்திரி கிட்டே இருக்கட்டும் என்று நீ எங்களைத் திருப்பதிக்குக் கொண்டுவந்து, திருமலைக்குப் படி ஏறுகிற அலிபிரி போகிற ரோட்டில் நீ வாங்கிய அபார்ட்மெண்டில் வைத்தாய். பக்கத்து வீட்டில் சுஜாதா. கடப்பாவுக்கு அந்தப் பக்கத்துப் பெண். நல்ல பெண், வைத்த குழம்பில் ஒரு கிண்ணம் எனக்குக் கொடுக்காமல் இருக்கமாட்டாள், ஆனால் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் பாத்ரூம் ஜன்னலும் அவள் சமையலறை ஜன்னலும் எதிரும் புதிரும். அவள்தான் உனக்கு போன் செய்தாள். "ரோஜூ கொட்டத்து, கொட்டத்து அனி அருஸ்தா உன்னாரு அன்னா" என்றாளாம். தினமும் 'அடிக்காதே, அடிக்காதே' என்று உங்கள் அப்பா கத்துகிறார் என்று அர்த்தம். நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்தாய்.

வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் கையில் சாதத்தைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தேன். "அம்மா, நிஜத்தச் சொல்லு. நைனாவ அடிக்கிறியா?" என்றாய். நான் உன்னைப் பார்த்தேன். கண் எல்லாம் சிவந்து, ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்திருக்கிறாய். பாவம் என்றுதான் முதலில் தோன்றியது, அப்புறம்தான் கேட்ட கேள்வி காதில் ஏறியது. "ஆமாடா, அடிச்சிக்கினு தான் கீறேன். வேற இன்னா வேல எனக்கு?" என்றேன். நீ உள்ளே போய் நைனாவின் சட்டையைக் கழற்றினாய். முதுகைத் திருப்பிப் பார்த்தாய், கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாய், வேட்டியை விலக்கித் தொடையைப் பார்த்தாய். சந்தையில் மாட்டைப் பார்க்கிறவன்கூட அவ்வளவு பார்க்கமாட்டான். ஒரு கீறல் இல்லை. பாதி நாள் படுக்கையில் கிடந்தும் புண் இல்லை. அது எப்படி இல்லாமல் இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் முழங்கை வரை ரவிக்கை போட்டு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தேன். மே மாதம், திருப்பதி வெயில். அதையும் நீ கேட்கவில்லை.

அப்புறம், "குளிப்பாட்டு, நான் பாக்கணும்" என்றாய். போலீஸ்காரன் மாதிரி பாத்ரூம் வாசலில் நின்றாய். நான் நைனாவை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு தலையில் விட்டேன். "கொட்டாத! ஏமே, கொட்டாத! கொட்டாத!" என்று அவர் அலறினார். உன் முகம் அப்படியே மாறியது. வாயைப் பிளந்தாய், நெற்றியில் அடித்துக்கொண்டாய், சிரிக்க ஆரம்பித்தாய். "கொட்டாத! தண்ணி கொட்டாத! ஐயோ அம்மா, இதத்தான் அந்தக்கா..." என்று சொல்ல முடியாமல் சிரித்தாய். ஓடிப்போய் சுஜாதாவைக் கூட்டி வந்து, தமிழில் கொட்டு என்றால் தண்ணீரைக் கவிழ்ப்பது, தெலுங்கில் கொட்டு என்றால் அடிப்பது, பெரியவர் தண்ணீர் வேண்டாம் என்கிறார், நீங்கள் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள் என்று விளக்கினாய். அவளும் சிரித்தாள். பாவம், என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். நீ நான்கு தோசை சாப்பிட்டாய். "உன்னப் போய் சந்தேகப்பட்டேனே" என்று என் தோளில் தட்டினாய். தட்டிய இடத்தில் முந்தானைக்கு அடியில் வீங்கியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாய்.

கதை அங்கே முடிந்தது உனக்கு. இந்தச் சித்தூர் ஜில்லாவில் இரண்டு பாஷையை ஒரே வாயில் வைத்துக்கொண்டு வாழ்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது மாதிரி நூறு தமாஷ் இருக்கிறது. அதில் ஒன்று என்று வைத்துக்கொண்டாய். ஆனால் முரளி, அம்மா அடிக்கவில்லை என்று தெரிந்ததும் உனக்கு நிம்மதி வந்துவிட்டது பார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த வீட்டில் யாரும் அடிபடவில்லை என்று உனக்கு யார் சொன்னது?

நான் சொல்கிறேன், கேள். காலையில் டயப்பர் மாற்றும்போது முழங்காலால் வயிற்றில் உதைப்பார். அது தினப்படி, அதற்கு நான் ஒதுங்கப் பழகிவிட்டேன். சோறு ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நான் குனிந்ததும் முகத்தில் துப்புவார். மாத்திரையை நாக்கில் வைக்கப் போய் என் ஆள்காட்டி விரலைக் கடித்தார். நகம் கறுத்துப்போய் விழுந்து, இப்போது பாதி முளைத்திருக்கிறது. தலை வாரப் போனால் என் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார், பிடி விட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோகும். கதவைத் தாழ் போடாமல் விட்டால் வெறுங்காலோடு அலிபிரி பக்கம் நடந்துவிடுவார். கோவிந்தா கோவிந்தா என்று போகிற கூட்டத்தோடு கலந்தால் எந்தப் பெரியவர் நம் பெரியவர் என்று எப்படித் தெரியும்? ஒருநாள் படி ஏறுகிற இடத்தில் பிடித்தேன். கூப்பிட்டதற்கு அத்தனை பேர் முன்னால் என்னைத் தள்ளிவிட்டார். யாரோ ஒரு பொம்பளை பிள்ளை தூக்கிவிட்டு, "எவரம்மா ஈயன?" என்றாள், யாரம்மா இவர் என்று. கட்டிய புருஷன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரிந்தவர் என்று சொன்னேன்.

எனக்கும் வயதாகிறது, முரளி. பிரஷர் மாத்திரையை ஒருநாள் போடுகிறேன், ஒருநாள் மறக்கிறேன். முழங்கால் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. அவரைப் படுக்கையிலிருந்து தூக்கும்போது என் இடுப்பில் ஏதோ ஒன்று நரநரவென்று சத்தம் போடுகிறது. நான் பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட அவர் தூங்க வேண்டும். நீ போனில், "அம்மா துன்னியா, தூங்கினியா" என்று கேட்கும்போது ஊம் ஊம் என்று சொல்வேன். அது பொய். சோறு ஆறிப்போய்த் தின்கிறேன், தூக்கம் சுவரில் சாய்ந்து. இதையெல்லாம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது என் வீம்பு. உன் நைனா என்னை அடிக்கிறார் என்று என் வாயால் சொன்னால், அந்த மனுஷன் பெயர் கெட்டுப்போகுமே என்ற வீம்பு. ஏனென்றால் உனக்கே தெரியும், அவர் நல்லா இருந்த காலத்தில் யார் மேலும் கை ஓங்கியதில்லை. குடித்துவிட்டு வந்த நாளில்கூட ஓங்கியதில்லை. குடித்தால் பாத்திரம் கழுவிவைப்பார்.

நைனாவைப் பார்த்துக்கொள்ள நீ முன்னால் ஒரு ஆளை ஏஜென்சி மூலம் அனுப்பினாய் அல்லவா, ஏன் அவனைத் துரத்தினாய் என்று அன்றைக்கு என்னைத் திட்டினாய். இப்போது காரணம் சொல்கிறேன். அவன் குளிப்பாட்டுகிறேன் பேர்வழி என்று நைனாவின் இரண்டு மணிக்கட்டையும் துண்டால் சேர்த்துக் கட்டி, குழாயில் முடிச்சுப் போட்டுவிட்டு, தலையில் பக்கெட்டோடு கவிழ்த்தான். நான் மார்க்கெட் போய்விட்டுத் திரும்பியவள் அதைப் பார்த்தேன். தொடப்பத்தை எடுத்தேன். அவன் தடியன், நான் கிழவி, ஆனால் படிக்கட்டு வரைக்கும் விளாசிக்கொண்டே போனேன். "பெத்தம்மா, கட்டகப்போத்தே நன்னு கொடதாடு" என்றான், கட்டாவிட்டால் அவர் என்னை அடிக்கிறாரே என்று. அடிக்கட்டுமேடா, அதற்குத்தானே உனக்குச் சம்பளம் என்று நான் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு சுஜாதா ஊரில் இல்லை. இருந்திருந்தால் உனக்கு அப்போதே போன் வந்திருக்கும்.

இனி நீ சிரித்த இடத்துக்கு வருகிறேன். உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா பார். நீ ஆறாவது படிக்கும்போது, பேக்டரிக்குப் போகிற மாம்பழ லாரி மேல் கல் எறிந்து கண்ணாடியை உடைத்தாய். டிரைவர் வீடு தேடி வந்து கத்திவிட்டுப் போனான். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுப்பங்கரையில் கிடந்த விறகுக் குச்சியை எடுத்துக்கொண்டு உன் மேல் பாய்ந்தேன். முதல் அடி விழுவதற்குள் உன் நைனா நடுவில் வந்தார். வந்து என் கையைப் பிடிக்கவில்லை. தரையில் குந்தி, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "கொட்டத்து தொரா, கொட்டத்து" என்றார். அடிக்காதீர்கள் துரை என்று, தெலுங்கில், சின்னப் பையன் குரலில். நம் வீட்டில் நாம் தெலுங்கு பேசுவதே இல்லை, கடைக்கும் ஆபீசுக்கும்தானே பேசுவோம். தமாஷ் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அடி தப்பியது என்று நீயும் சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் டப்பாவில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தபோது, பேக்டரி சுவரோரம் உட்கார்ந்து அவராகவே சொன்னார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சொன்னார். கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் அவரைச் சின்ன வயதில் வேலைக்கு விட்டிருந்தார்கள். நமக்கு அப்போது ஒரு சென்ட் நிலம் கிடையாது, பிள்ளையை விட்டால்தான் வீட்டில் கஞ்சி. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து மாங்கன்றுகளுக்கு விடுவது வேலை. ஒருநாள் கால் இடறிக் குடத்தோடு விழுந்து, கன்றும் முறிந்தது, குடமும் நசுங்கியது. தோப்பு மேஸ்திரி தாம்புக் கயிற்றை எடுத்தான். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டு என்றான். தமிழில் கெஞ்சினால் இன்னும் இரண்டு விழும், அரவம் பேசாதே என்று, தமிழை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் தெலுங்கில் கெஞ்சக் கற்றுக்கொண்டார். அடி தாங்காமல் மயங்கினால், பக்கெட் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்து எழுப்புவான். எழுந்ததும் மறுபடி கயிறு. "தண்ணி தலமேல வுழுந்தா, அட்த்தது முதுகுல வுழும்மே" என்றார். சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவித் தந்தார். "முரளிய அடிக்காத" என்றார். அதற்கப்புறம் உன்மேல் நான் குச்சி எடுத்ததில்லை, எண்ணிப் பார்.

இப்போது சொல், உன் நைனா பாத்ரூமில் கத்துவது தமிழா தெலுங்கா? மெதுவாக விட்டால் நாம் ஊத்துவது என்போம், மொத்தமாகக் கவிழ்த்தால்தான் கொட்டுவது. நான் ஊத்தத்தான் செய்கிறேன். அவர் ஏன் கொட்டாத என்கிறார்? நீ அதைத் தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாய். சுஜாதா அதை அடி என்றாள். இரண்டு பாஷையும் தெரிந்த நான், தினமும் ஒரு முழம் தள்ளி நின்று கேட்கிற நான் சொல்கிறேன், சில நாள் அது கொட்டாத, சில நாள் அது கொட்டத்து. சில நாள் பாதியில் மாறிவிடுகிறது. அவருக்கு அது இரண்டும் ஒன்றுதான். தண்ணீர் விழுந்தது, அடுத்தது கயிறு. அதற்குள் முந்திக்கொண்டு எதிரே இருப்பவனை அடிக்கிறார். அந்த வயதில் திருப்பி அடிக்க முடியவில்லை, இப்போது பலம் இருக்கிறது, அடிக்கிறார். எதிரே இருப்பது நான்.

இது பிடிபட்டதிலிருந்து நான் தலையில் விடுவதில்லை. முதலில் அவர் கையைப் பக்கெட்டில் வைத்து அளைய விடுவேன், அப்புறம் பாதத்தில், அப்புறம் முட்டியில். இப்போ கால்ல ஊத்தறேன், இப்போ கையில ஊத்தறேன் என்று சொல்லிச் சொல்லி ஊத்த வேண்டும். நல்ல நாளில் அவரே செம்பை வாங்கித் தோளில் விட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் நின்று, "சீக்கிரம் ஊத்தும்மா" என்று அவசரப்படுத்தியதால்தான் தலையில் விட்டேன். நீயும் கற்றுக்கொள். யார் உடம்பைத் தொடுவதானாலும் சொல்லிவிட்டுத் தொடு. குழந்தையானாலும் சரி, கிழவரானாலும் சரி.

ஆனால் எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. சுஜாதா உனக்கு போன் செய்தாளே, அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்கிறேன். அவள் தினமும் கேட்டாலும், அன்றைக்குக் கேட்ட சத்தத்துக்குத்தான் பயந்துபோய் போன் செய்தாள். அன்று அவர் பாதத்தில் ஊத்தும்போதே என் கையிலிருந்த ஸ்டீல் செம்பைப் பிடுங்கிவிட்டார். முதல் அடி தோளில். இரண்டாவது காதுக்கு மேலே, உள்ளே மணி அடித்த மாதிரி கணகணவென்றது. நான் சுவருக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன், ஈரத் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. விடுங்க என்றேன். அடிக்காத என்றேன். முரளி நைனா, நான்தான்யா என்றேன். செம்பு இறங்கிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு இங்கேயே செத்துப்போவேன் என்று தோன்றியது, நீ வந்து கதவை உடைப்பதும் கண் முன்னால் வந்து போனது. அப்போது நான் சொன்னேன். "கொட்டத்து தொரா! கொட்டத்து! கொட்டத்து!"

சுஜாதா சரியாகத்தான் கேட்டாள், முரளி. தமிழ் இல்லை, தெலுங்குதான். தண்ணீர் இல்லை, அடிதான். குரல் மட்டும் என்னுடையது.

தன்னால் வாயில் வந்துவிட்டது என்று சொல்லலாம். இல்லை. அது அவரை நிறுத்தும் என்று தெரிந்தே சொன்னேன். நின்றது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. செம்பு கீழே விழுந்து உருண்டது. அவர் வாசல் பக்கம் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், யாரையோ தேடினார். நான் அந்தச் செம்பு மறுபடி அவர் கையில் கிடைக்கக் கூடாதே என்று குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கையில் செம்போடு எதிரே நின்ற என்னைப் பார்த்தார். உன் நைனாவின் முகம் சுருங்கிச் சுருங்கிச் சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன். ஈரத் தரையில் முழங்கால் போட்டார். திரும்பி, குனிந்து, எனக்கு முதுகைக் காட்டினார். அடிப்பதற்குத் தோதாகக் காட்டினார். அப்படியே மூத்திரம் போய்விட்டார்.

நான் செம்பை வீசி எறிந்தேன். அவர் முதுகின் மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுதேன். அது அவருக்கு என்னவாகப் பட்டதோ, இன்னும் குறுகினார். அன்று இருட்டும்வரை என்னைத் தொரா என்றுதான் கூப்பிட்டார். தண்ணீர் குடிக்கட்டுமா தொரா. உட்காரட்டுமா தொரா. சோற்றைத் துப்பவில்லை, எல்லாவற்றையும் விழுங்கினார். மாத்திரைக்கு வாயைத் திறந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இந்த நோய் வந்ததிலிருந்து இவ்வளவு லேசாக எனக்கு ஒரு நாள் போனதில்லை. அவ்வளவு கேவலமான நாளும் என் வாழ்க்கையில் இல்லை. உன் நைனாவை அந்த மேஸ்திரி கையில் நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

இப்போது நீ புதிதாக ஒரு ஆளைப் பார்த்திருக்கிறாய், திங்கட்கிழமை வருகிறான், "நல்ல கண்ட்ரோல் பண்ணுவாரும்மா, அனுபவஸ்தர்" என்று மெசேஜ் போட்டிருக்கிறாய். எனக்கு அவன் யாரென்று தெரியாது, கெட்டவனாகத்தான் இருப்பான் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் வந்து ஒரு அதட்டல் போட்டால் உன் நைனா அடங்கிவிடுவார். தெலுங்கில் அதட்டினால் கேட்கவே வேண்டாம். முதுகைக் காட்டிவிடுவார். பெரியவர் சொன்ன பேச்சுக் கேட்கிறார் என்று உனக்கு போன் வரும். நீ நிம்மதியாக இருப்பாய், குரூப்பில் அதையும் சொல்வாய். எனக்கு உன்னுடைய அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது. என்னை அடிக்கிறவரைக்கும் அவர் நம் வீட்டில் இருக்கிறார், முரளி. அடங்கிவிட்டால் அந்தத் தோப்பில் இருக்கிறார்.

ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒண்டியாக என்னால் முடியாது, அதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். ஆள் வரட்டும். ஆனால் அவனுக்கு முன்னால் நீ வர வேண்டும். லீவு போட்டுவிட்டு வா. வேலை போய்விடும் என்று சொல்லாதே, கல்யாணத்துக்கும் வீட்டு கிருகப்பிரவேசத்துக்கும் போடத் தெரிந்ததே. வந்து, நீயே உன் நைனாவைக் குளிப்பாட்டு. பாதத்திலிருந்து ஆரம்பி. சொல்லிச் சொல்லி ஊத்து. அடிப்பார், வாங்கிக்கொள். உனக்கு ஒரு அடியும் விழக்கூடாது என்று தரையில் குந்திய மனுஷன் கையால் இரண்டு அடி வாங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது. அப்போது அவர் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேள், சிரிக்காமல் கேள். அப்புறம் வருகிற ஆளுக்கு நீயே சொல்லிக்கொடு, இவரிடம் தெலுங்கில் அதட்டக்கூடாது, கட்டக்கூடாது, தலையில் ஊத்தக்கூடாது, ஏன் கூடாது என்று. நான் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்பான். நீ சொன்னால் கேட்பான்.

நேற்று வாயில் குத்தினார் என்று எழுதினேனே, அதற்கு அப்புறம் மறுபடியும் கையை ஓங்கினார். பல்லில் ரத்தத்தோடு நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அடியை வாங்கிக்கொண்டேன். இன்னும் எத்தனை நாள் விழுங்குவேன் என்று எனக்குத் தெரியாது. உடம்பு தாங்காத அன்றைக்கு நான் அதைச் சொல்லிவிடுவேன், சொன்னதும் அவர் திரும்பி எனக்கு முதுகைக் காட்டுவார். அதற்குள் வா.

உன் அம்மா